விண்டோசிலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு: எங்கே நிற்கிறது, என்ன செய்வது

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இந்த இரண்டும் இல்லாத, ஆனால் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புகளைக் குப்பையில் போடவேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

நிறுவும்போது எங்காவது சிக்கினால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: மறுபடி ஃபார்மட், மறுபடி இன்ஸ்டால். விண்டோசில் பழகிய வைத்தியம் அது. இங்கே அது அநேகமாகப் பலிக்காது. சிக்கலின் வேர் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பிலோ, பென் டிரைவிலோ, விண்டோஸ் பாதி மூடிவைத்த டிஸ்கிலோ இருக்கும்போது, எத்தனை முறை நிறுவினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். எந்தக் கட்டத்தில் நின்றது, திரையில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

கீழே உள்ளவை மின்ட் 22 வரிசையை வைத்து எழுதியவை. உபுண்டு 24.04 என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்ட இந்த வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. உபுண்டு போட்டவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

தொடங்கும் முன் இரண்டு காரியம். கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். அப்புறம், விண்டோசில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பயாசில் கை வைத்த மறுநிமிடம் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். அது இல்லையென்றால் டிஸ்கில் உள்ளதை யாராலும் மீட்க முடியாது.

## பென் டிரைவ் செருகியும் நேராக விண்டோசே வருகிறது

முதலில், கணினியை முழுதாக அணைத்தீர்களா என்று பாருங்கள். விண்டோசில் ஷட் டவுன் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால் அது அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

அடுத்தது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசை. டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது அதில் குத்தினால் பூட் மெனு வரும். ஏசரில் எஃப்12 அடித்து அடித்துச் சலித்துப் போவீர்கள். பல மாடல்களில் அது அணைத்தே வருகிறது. எஃப்2 வழியாக பயாசுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை இயக்கிவிட்டு வாருங்கள்.

மெனுவிலேயே பென் டிரைவ் தெரியவில்லை என்றால், எழுதிய விதம் தவறு. ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட்டின் நிறுவல் கோப்பு) அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற கருவி கொண்டு எழுதவேண்டும். 8 ஜிபி டிரைவ் போதும். அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

## "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று சொல்லி அணைந்துவிடுகிறது

ஷிம், எஸ்பாட் என்ற சொற்களோடு இந்தச் செய்தி வந்தால் உங்கள் பென் டிரைவில் பழுதில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் மேம்படுத்தல் ஒன்று, பழைய லினக்ஸ் பூட் கோப்புகளை செக்யூர் பூட் (நம்பகமான கோப்புகளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) ஏற்காதபடி செய்துவிட்டது. அதற்கு முன் வந்த ஐஎஸ்ஓ வைத்திருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய ஐஎஸ்ஓ இறக்கி எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பயாசில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுத் தொடருங்கள்.

## மின்ட் சின்னம் வந்து அப்படியே நிற்கிறது, அல்லது திரை கறுத்துவிடுகிறது

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஐஎஸ்ஓ முழுதாக இறங்கவில்லை, அல்லது கிராஃபிக்ஸ் கார்டு ஒத்துழைக்கவில்லை. கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பு அது. மொபைல் டேட்டாவில் இறக்கினால் நடுவில் உடைய வாய்ப்பு அதிகம். பென் டிரைவின் தொடக்க மெனுவிலேயே அதைச் சரிபார்க்கும் தேர்வு உண்டு, அதை ஓட்டுங்கள்.

கோப்பு சரியாக இருந்தால், அதே மெனுவில் காம்பேட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுவே போதும். நிறுவி முடித்து முதல் முறை திறக்கும்போதும் திரை கறுக்கலாம். அப்போது கணினி தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அழுத்தி கிரப் மெனுவை (எந்த இயங்குதளம் என்று தேர்ந்தெடுக்கும் திரை) வரவழையுங்கள். மேல் வரியில் நின்று ஆங்கில இ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோ, மோட், செட் மூன்றையும் ஆங்கிலத்தில் ஒட்டி ஒரே சொல்லாக எழுதி, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரை நிறுவுங்கள். அடுத்த முறை தானாகத் திறக்கும்.

## இன்ஸ்டாலர் ஹார்ட் டிஸ்கையே காட்டவில்லை

பலரும் டிஸ்க் போய்விட்டது என்று பயந்துவிடும் இடம் இது. டிஸ்க் பத்திரமாகத்தான் இருக்கிறது. இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற முறையில் டிஸ்கை பயாஸ் மறைத்து வைத்திருக்கிறது. அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் தெரியும்.

விண்டோசே வேண்டாம், லினக்ஸ் மட்டும் போதும் என்றால் பயாசில் மாற்றிவிட்டு நிறுவலாம், வேறு வேலை இல்லை. விண்டோசும் இருக்கவேண்டும் என்றால் நேரடியாக மாற்றாதீர்கள். அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையோடு விழும். இந்த வரிசையில் செய்யுங்கள். விண்டோசில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து நேராக பயாசுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் திறந்து, தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக் போய் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் சில வேளை ஏற்காது. கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவிருக்கட்டும்.

டிஸ்க் தெரிந்தபின் வரும் கேள்வி இன்னும் முக்கியமானது. "எரேஸ் டிஸ்க்" என்ற தேர்வு சி டிரைவை மட்டும் அழிக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. நம் ஊரில் ஒரே டிஸ்கை சி, டி, இ என்று பிரித்து, கல்யாண ஃபோட்டோவும் கணக்குக் கோப்பும் டி-யில் வைத்திருப்போம். அந்தத் தேர்வு அத்தனையையும் சேர்த்து அழித்துவிடும். இரண்டு இயங்குதளமும் வேண்டும் என்றால், விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு டிரைவைச் சுருக்கி, குறைந்தது 50 ஜிபியாவது காலி இடம் விட்டுவிட்டு வாருங்கள். 20 ஜிபியிலும் நிறுவலாம். ஆனால் சில மாதத்தில் மூச்சுமுட்டும்.

## நிறுவியாயிற்று, ஒரு இயங்குதளம் மட்டும் வருகிறது

விண்டோஸ் மட்டுமே வந்தால், பயாசின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் நிற்கும். அங்கே உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட் அந்தப் பெயரில்தான் பதிந்திருக்கும், குழம்பவேண்டாம்.

கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லை என்றால், இரண்டும் வெவ்வேறு முறையில் நிறுவப்பட்டிருக்கலாம்: பழைய விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில், மின்ட் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில். அப்படியானால் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியாது. விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில் பென் டிரைவைப் பூட் செய்து நிறுவவேண்டும். இங்கே மட்டும் மறுநிறுவலுக்கு நியாயம் உண்டு.

மற்றபடி பூட் கெட்டுப்போன எந்த நிலைக்கும், பென் டிரைவில் திறக்கும் மின்ட்டின் மெனுவிலேயே பூட் ரிப்பேர் என்ற கருவி இருக்கிறது. இணையம் இணைத்து, பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கத்தை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

## வைஃபை இல்லை

டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சுழலில் பலர் நின்றுவிடுகிறார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். சில நொடியில் கம்பி இணைப்பு வந்ததுபோல் மின்ட் இணையத்தில் சேர்ந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜர். பிராட்காம் சில்லு என்றால் அங்கேயே டிரைவர் காட்டும். ரியல்டெக் சில்லு என்றால் அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் பகுதிக்குப் போய்ப் புதிய கெர்னல் (லினக்சின் மையப் பகுதி) ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சமீபத்திய கெர்னல்களில் ரியல்டெக் ஆதரவு நிறையவே கூடியிருக்கிறது.

டிரைவர் நிறுவியும் வேலை செய்யவில்லையா? நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லி, அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்திருக்கும். மோக் மேனேஜ்மென்ட் என்பது அதன் தலைப்பு. அதைப் பார்த்ததும் ஏதோ பிழை என்று எண்ணி என்டரைத் தட்டிவிடுவதுதான் வழக்கம். அதில் என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ் என்று போய், வைத்த கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் செக்யூர் பூட் அந்த டிரைவரை அனுமதிக்கும். தவறவிட்டிருந்தால் செக்யூர் பூட்டை அணைப்பது சுருக்கு வழி.

## டி டிரைவ் திறக்கிறது, எதையும் சேமிக்க முடியவில்லை

மறுபடி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான். விண்டோஸ் முழுதாக மூடாத டிரைவில் எழுதினால் கோப்புகள் கெட்டுவிடும் என்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கிறது. உங்கள் நன்மைக்குத்தான். விண்டோசின் பவர் ஆப்ஷன்சில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக அணையுங்கள். அதன்பிறகும் தொடர்ந்தால் விண்டோசிலேயே அந்த டிரைவுக்கு எரர் செக்கிங் ஓட்டுங்கள்.

## கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கிறது

இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் ஐந்தரை; ஏனென்றால் நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5.30 மணி முன்னால் இருக்கிறது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மின்ட்டுக்குள் போய்வந்த பிறகு விண்டோசில் காலை 10 மணி, விடிகாலை 4.30 என்று தெரியும். கட்டளை அடிக்கும் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்ற வரியை ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டும் ஒரே நேரத்துக்கு வந்துவிடும். டைம், டேட், சி, டி, எல் ஆகியவற்றை இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதவேண்டும்.

ஐந்தரை மணி அல்ல, ஆண்டே பின்னால் போய்விட்டது என்றால் காரணம் வேறு. மதர்போர்டின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறினால் இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் மிரட்டும். பேட்டரியை மாற்றினால் சரி.

## தமிழில் எழுத முடியவில்லை, பழைய தமிழ்க் கோப்புகள் குப்பையாகத் தெரிகின்றன

லினக்சுக்கு வந்த தமிழர்கள் திரும்பிப் போவதற்கு நான் அதிகம் கேட்கும் காரணம் இதுதான். மூன்று தனித்தனிச் சிக்கல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தீராததுபோல் தெரிகிறது.

முதலாவது, தட்டச்சு. கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டுப் புள்ளி தானாக விழவில்லை என்று வருந்துவார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவை ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே தெரிந்தவை. அம்மா என்று அடிக்கும்போது முதல் மகரத்துக்குத் தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99 விதிகள் அதில் இல்லை. டேப், டிஸ்கி என்ற பழைய குறியேற்றப் பெயர்கள் ஒட்டியவற்றை எடுத்தால் யூனிகோடே வராது. ஆகவே சாஃப்ட்வேர் மேனேஜரிலோ சினாப்டிக்கிலோ ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்று தேடினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை எல்லாம் வரும். இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர்களுக்கு அதுவும் உண்டு. லாக் அவுட் செய்யாமல் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பழைய எழுத்துருக் கோப்புகள். பாமினியில் எழுதிய கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ் என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பு கெடவில்லை. பாமினியோ வானவில் அவ்வையாரோ, எதில் எழுதியதோ அந்த எழுத்துருக் கோப்பை விண்டோசிலிருந்து எடுத்துவந்து, இரட்டைச் சொடுக்கில் திறந்து நிறுவுங்கள். லிப்ரே ஆபீசை மூடித் திறந்தால் படிக்க வந்துவிடும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழைய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. முடிந்தபோது அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். எழுத்துரு தொலைந்தால் அந்த எழுத்தும் தொலையும் நிலையில் ஆவணங்களை விட்டுவைப்பது சரியில்லை.

மூன்றாவது, லிப்ரே ஆபீசில் எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறவில்லை என்பது. தமிழை அது தனி வகையாக வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை டிக் செய்து, தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் ஃபார்மட் மெனுவின் கேரக்டர் பெட்டியில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு ஓர் எழுத்துரு என்று இரண்டும் தனித்தனியே தெரியும். வேர்டில் லதா எழுத்துருவில் எழுதியது இங்கே பக்கம் நகர்ந்து தெரிந்தால், லதா உங்கள் கணினியில் இல்லை. அதன் இடத்தில் வேறு எழுத்துரு உட்கார்ந்திருக்கிறது.

## பிரிண்டர்

பிரிண்ட் கொடுத்தால் போகிறது, தாள் வரவில்லை. எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005 வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் இது. இந்த மாடல்களுக்கு எச்ப்லிப் மென்பொருளோடு தனியுரிம பிளகின் ஒன்றும் வேண்டும். எச்ப்லிப்பின் வரைகலைக் கருவியை நிறுவித் திறந்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். எச்ப்லிப் மேம்பட்டபின் அச்சு நின்றால் பிளகினையும் மறுபடி இறக்கவேண்டும், இரண்டின் பதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டும். எப்சன் டேங்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. கேனன் எல்பிபி 2900 கடினம். கேனனின் கேப்ட் டிரைவரோடு மல்லுக்கட்டி ஓட்டுபவர்கள் உண்டு; ஆனால் ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க ஓடும் ஒரே பிரிண்டர் அதுதான் என்றால் அந்தக் கணினியை மாற்றாதீர்கள்.

டேலிக்கும் இதையே சொல்வேன். அது விண்டோசுக்கு மட்டும் வரும் மென்பொருள். தினமும் அதில்தான் பிழைப்பு என்றால் இரட்டை நிறுவலாக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்கள், அதற்கு லினக்ஸ் மென்பொருள் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

## சத்தம் வரவில்லை

சவுண்ட் அமைப்பில் வெளியீடு எச்டிஎம்ஐக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். டம்மி அவுட்புட் என்று மட்டும் காட்டினால், வைஃபைக்குச் சொன்னதுபோல் புதிய கெர்னல்.

## மென்பொருள் நிறுவல் பாதியில் நிற்கிறது

"குட் நாட் கெட் லாக்" என்றால் பின்னணியில் வேறொரு மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருங்கள். அந்த லாக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பொதிகள் உடைந்ததாகச் செய்தி வந்தால் சினாப்டிக்கின் எடிட் மெனுவில் ஃபிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ் கொடுங்கள். இறக்கம் ஊர்ந்தால் சாஃப்ட்வேர் சோர்சஸில் அருகில் உள்ள நகல் சர்வரை (மிரர்) தேர்ந்தெடுங்கள்.

## எல்லாம் சரி, ஆனால் மெதுவாக இருக்கிறது

4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்கும் உள்ள கணினியில் மின்ட்டின் சினமன் பதிப்பை விட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடும். ஆனால் காசு செலவழிக்க முடியுமென்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். வேறெந்த மாற்றமும் அந்த அளவுக்கு வித்தியாசம் தராது. அதற்கு முன் டிஸ்க்ஸ் கருவியைத் திறந்து ஸ்மார்ட் தரவை (டிஸ்க் தன் நிலையைப் பதிந்துவைக்கும் விவரம்) பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கிறது. அதில் எந்த இயங்குதளம் போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும். கோப்புகளை உடனே வெளியே எடுங்கள்.

## அப்டேட் செய்தபின் திறக்க மறுக்கிறது

கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் பழையதை உடனே அழிப்பதில்லை. அதில் திறந்தால், சிக்கல் தந்த புதிய கெர்னலை அப்டேட் மேனேஜரிலேயே நீக்கிவிடலாம். அதிலும் திறக்கவில்லை என்றால் பென் டிரைவில் மின்ட்டைத் திறந்து டைம்ஷிஃப்ட் என்ற கருவியை ஓட்டி, பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு பதிந்துவைத்த நிலைக்கு) திரும்புங்கள். உங்கள் சொந்தக் கோப்புகளை அது தொடாது. ஆனால் ஸ்னாப்ஷாட் முன்பே எடுத்திருந்தால்தான் இது நடக்கும். ஆகவே நிறுவிய முதல் நாளே டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, வாரம் ஒன்று என்று அமைத்துவிடுங்கள்.

## இதில் எதுவுமே பொருந்தவில்லை

யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் "லினக்ஸ் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் கருவியில் உங்கள் கணினியின் முழு விவரத்தையும் ஒரே சொடுக்கில் நகலெடுக்கலாம். அதோடு திரையில் வந்த செய்தியை எழுத்து மாறாமல், அல்லது ஃபோனில் எடுத்த படமாக, சேர்த்துக் கொடுங்கள். கணினியே திறக்கவில்லை என்றால் மாடல் பெயரும், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதும் போதும்.